டெபிட் சாரும் 251 ரூபாய் போனும்

பள்ளி மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். பள்ளியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது டெபிட் சார்தான். பதினொன்றாம் வகுப்பில் அக்கவுண்டன்சி எடுத்தவர். பெயர் வேண்டாம், அவரிடம் அடி வாங்கினவர்களுக்குத் தெரியும்.

2016 பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்காகத் தில்லி போயிருந்தேன். ஓய்வு பெற்று மயூர் விஹாரில் இருந்த சாரைப் பார்க்க 18ஆம் தேதி காலையில் போனேன். மாமி காபி கொண்டுவருவதற்குள் அன்றைய பேப்பரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'ஃப்ரீடம் 251'. நாலு அங்குலத் திரை, ஒரு ஜிபி ரேம், விலை 251 ரூபாய். முந்தின நாள் மாலைதான் பா.ஜ.க. மூத்த தலைவர் முரளி மனோகர் ஜோஷி வந்திருந்து வெளியீட்டு விழா நடந்திருந்தது. கம்பெனி நொய்டாவில், சார் வீட்டிலிருந்து ஆற்றைக்கூடத் தாண்ட வேண்டாம்.

"இது விலை இல்லடா, மொய்" என்றார் சார்.

நாள்காட்டித் தாளைக் கிழித்துத் திருப்பி, பழைய வழக்கப்படி நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் திரை, பேட்டரி, சிப், டப்பா, வரி. வலது பக்கம் 251. "மீதி யார் பாக்கெட்லேர்ந்து வரும், சொல்லு." நான் இருபது வருஷம் பின்னால் போய், பதில் தெரியாமல் விழித்தேன்.

மொத்தமாகத் தயாரித்தால் செலவு குறையும், விளம்பர வருமானம் வரும் என்றெல்லாம் கம்பெனியை நடத்திய மோஹித் கோயல் சொல்லிக்கொண்டிருந்தார். ஷாம்லி பக்கத்து மளிகைக்கடைக்காரர் மகன் அவர். "மளிகைக்கடைப் பையனுக்கு மார்ஜின் தெரியாதா?" என்பதுதான் சாரின் தீராத ஆச்சரியம்.

அப்போது இஸ்திரிக்காரம்மா துணி மூட்டையோடு வந்தாள். முந்தானை முடிச்சில் ஐந்நூறும் சில்லறையும். "மாஸ்டர்ஜி, ரெண்டு போன் புக் பண்ணிக் கொடுங்க, ஒண்ணு ஊர்ல இருக்கற பொண்ணுக்கு" என்று இந்தியில் கேட்டாள். சார் அதே தாளை அவளிடமும் நீட்டி, ஒவ்வொரு வரியாக விளக்கினார். பாவம், அவள் நின்று கேட்டாள். அப்புறம் முடிச்சை இறுக்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டாள். இரண்டு வாரம் சாரின் சட்டைகள் மடிப்பில்லாமலே வந்தனவாம்.

சார் கணக்கு தப்பவில்லை. முன்பதிவுக் கூட்டம் தாங்காமல் கம்பெனியின் தளம் அன்றே படுத்துவிட்டது. மாதிரிக்குக் காட்டிய போன்களில் ஆட்காம் என்ற வேறு கம்பெனியின் பெயரை வெள்ளை மை பூசி மறைத்திருந்தது பத்திரிகைகளில் வந்தது. 3,500 ரூபாய்க்குக் கீழே இப்படி ஒரு போன் சாத்தியமில்லை என்று கைபேசித் தயாரிப்பாளர் சங்கம் அரசுக்கு எழுதியது. முன்பணம் கட்டியவர்களுக்குத் திருப்பிவிட்டோம் என்றது கம்பெனி. 2017 பிப்ரவரியில், பணம் கொடுத்து ஏமாந்ததாகக் காசியாபாத் விநியோகஸ்தர் ஒருவர் கொடுத்த புகாரில் கோயல் கைதானார்; பிறகு ஜாமீன்.

2021 ஜனவரியில் சார் எனக்குப் போன் செய்தார். முந்திரி, பாதாம் வியாபாரத்தில் மோசடி என்ற குற்றச்சாட்டில் நொய்டா போலீஸ் கோயலை மறுபடியும் பிடித்திருந்தது. "பாத்தியா, சுத்திச் சுத்தி மளிகைக்கே வந்துட்டான்!" என்று சிரித்தார். வழக்கு வழக்காக இருக்கட்டும், இந்த ஒரு வரிக்காகவே நடு ராத்திரியில் என்னை எழுப்பியிருக்கிறார்.

சிரிப்பு அடங்கியதும், "அன்னிக்கு அவகிட்ட கோடு போட்டுக் காட்டியிருக்க வேண்டாம். பொண்ணோட பேசணும்னுதானே கேட்டா" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

மாமி போனை வாங்கி மீதியைச் சொன்னார். அந்த வருஷமே தீபாவளிக்கு மாமியின் பழைய போனைத் துடைத்து, புது சார்ஜர் வாங்கி, இஸ்திரிக்காரம்மாவிடம் கொடுத்தாராம் சார். சும்மா வாங்க மாட்டேன் என்று 251 ரூபாயை எண்ணி மேஜையில் வைத்துவிட்டுப் போனாளாம். ஒற்றை ரூபாய் நாணயத்தைக்கூட மறக்கவில்லை என்றார் மாமி.