பாட்டி ஏன் 'அவன்' ஆனாள்?

முதலாண்டுப் பிள்ளைகளின் முதல் கட்டுரைக்கு நான் கொடுக்கும் தலைப்பு மாறுவதே இல்லை: 'எங்கள் வீட்டில் ஒருவர்'. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் இந்த வேலையில் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் பாதிப் பேர் பாட்டியைப் பற்றித்தான் எழுதுவார்கள். இந்த முறை நாற்பத்திரண்டு தாள். நேற்று ராத்திரி கடைசித் தாளை மூடி வைக்கும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

பாட்டிக் கட்டுரை எதை எடுத்தாலும் நான் இங்கே வந்த முதல் வருஷத்து மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்துவிடுகிறாள். டர்பனை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான உம்லாசியிலிருந்து வந்தவள், வீட்டில் பேசுவது ஜூலு மொழி. அவளுடைய பாட்டி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவு பிசைந்து, அமாக்வின்யா சுட்டு, மினிபஸ் டாக்சிகள் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் விற்பவர். நம் ஊர் போண்டா மாதிரி எண்ணெயில் பொரித்தது. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பாட்டி ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பதை அவ்வளவு அழகாக எழுதியிருந்தாள். ஆனால் முதல் பத்தியில் 'ஷீ' என்று இருந்த பாட்டி இரண்டாவது பத்தியில் 'ஹீ' ஆகிவிட்டார். மூன்றாவதில் மறுபடியும் 'ஷீ'. நான் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதி ஐந்து மதிப்பெண் குறைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் தாளோடு வந்து நின்றாள். "மேம், நான் மூணு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன். கவனம் இல்லாம எழுதலை" என்றாள். கோபமில்லை, குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சரி, இதையே ஜூலுவில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். உகோகோ உயாபெகா: பாட்டி சமைக்கிறார். உம்குலு உயாபெகா: தாத்தா சமைக்கிறார். இரண்டுக்கும் ஒரே வினை. முன்னால் நிற்கும் அந்த 'உ' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பிறந்ததிலிருந்து அந்தப் பிரிவினையே இல்லாத மொழியில் பேசியவள், ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்று பாட்டி ஆணா பெண்ணா என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருந்திருக்கிறது. மாவும் எண்ணெயும் மனசில் ஓடும்போது அது தவறிப்போகிறது.

நம் 'சமைக்கிறார்' மட்டும் என்னவாம்? தாத்தாவா பாட்டியா என்று அந்தச் சொல்லை வைத்துச் சொல்ல முடியுமா? தமிழ் பேசுகிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதுவும் நான் கோவில்பட்டிப் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவள். முதல் ஆங்கிலக் கட்டுரையில் 'தி' வர வேண்டிய இடத்தில் எல்லாம் விட்டுவிட்டேன், வேண்டாத இடத்தில் போட்டிருந்தேன். தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது, ஜூலுவிலும் கிடையாது. தாள் முழுக்கச் சிவப்பு. ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுவதும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இந்த நாட்டின் 1996 அரசியல் சட்டம் பதினொரு மொழிகளை ஆட்சிமொழியாக ஏற்றது. 2023-இல் சைகைமொழி பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. ஆனால் அந்த மாணவி படித்த காலத்தில், உம்லாசி போன்ற இடங்களில் பெரும்பாலான பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு வரைதான் ஜூலுவில் பாடம். நாலாம் வகுப்புக்குப் போனதும் கணக்கு, அறிவியல் எல்லாமே ஆங்கிலம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய தாவல்!

அமெரிக்காவில் கல்லூரிக் கட்டுரை ஆசிரியர்களின் அமைப்பு 1974-லேயே மாணவர்களுக்குத் தங்கள் சொந்த வழக்கில் எழுத உரிமை உண்டு என்று தீர்மானம் போட்டது. நான் அதை மனசார ஏற்கிறேன். அந்த வேகத்தில் அவளிடம், இனிமேல் 'ஹீ', 'ஷீ' தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. "பாவம் பார்த்து விட்டுடாதீங்க மேம். வேலைக்கு எழுதிப் போடும்போது யாரும் பாவம் பார்க்க மாட்டாங்க. சொல்லிக் கொடுங்க" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

அதிலிருந்து முதல் வாரமே கரும்பலகையில் ஜூலு, தமிழ், ஆங்கிலம் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். எது எங்கே இருக்கிறது, எது எங்கே இல்லை என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். முதல் வரைவு எந்த மொழியிலும் இருக்கலாம், போனில் பேசிப் பதிவு செய்துகூடக் கொண்டுவரலாம். இரண்டாவது வரைவுதான் ஆங்கிலம். ஒரு தாளில் இரண்டு வகைத் தப்புக்கு மேல் தொடுவதில்லை. சிவப்பு மையை அன்றோடு விட்டேன். இப்போது பென்சில்தான், பெரும்பாலும் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த முறை அப்படிக் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்ல வேண்டும். சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் ஒரு பெண். நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி 1960-களில் இந்தியர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் அது. உம்லாசி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் என் வகுப்பில்தான் முதல் முறையாக ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அவள், 1860 முதல் மதராஸிலிருந்து கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வம்சம். வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான். அவளும் பாட்டியைப் பற்றித்தான் எழுதியிருந்தாள், 'ஆயா' என்றே. ஆயா வருஷா வருஷம் 'பொரிட்ஜ் பிரேயர்' செய்வார் என்று ஒரு வரி. அதோடு விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாள்.

அது என்ன என்று பென்சிலால் ஓரத்தில் கேட்டிருந்தேன். நேரில் சொன்னாள். மாரியம்மனுக்காம். வாசலில் பெரிய பானை, சோள மாவு, மோர், நறுக்கிய வெங்காயம். தெருவில் யார் வந்தாலும் ஒரு குவளை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆடி மாசம் எங்கள் தெருவில் கூழ் ஊற்றுவது அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. ஏன் இதையெல்லாம் எழுதவில்லை என்றேன். பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் நல்ல ஆங்கிலம் இல்லை என்று கோடு போட்டு அடித்துவிடுவார்கள் என்றாள்.

இரண்டாவது வரைவை இன்று காலை கொண்டுவந்தாள். பானை மட்டுமே ஒன்றரைப் பக்கம். அப்புறம், அந்தப் பேரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். 'கூழ்' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். 'கூ' உடனே வந்துவிட்டது. 'ழ' வரவில்லை. எனக்கு அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. நான் கிளம்பும்போதும் அவள் பெஞ்சில் உட்கார்ந்து அந்த 'ழ'வைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.