டெலிபோன் டைரக்டரியும் எங்கள் ஊர்ச் சிதம்பரங்களும்

செட்டிநாட்டில் வெறும் பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் தலைப்பிள்ளைக்குப் பெரும்பாலும் அப்பா வழித் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள், அதனால் சிதம்பரம், அண்ணாமலை, மெய்யப்பன், லெட்சுமணன், பழனியப்பன் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களே தலைமுறைக்குத் தலைமுறை திரும்ப வந்துகொண்டிருக்கும். ஒரே தெருவில் நாலு சிதம்பரம் இருப்பது இங்கே சாதாரணம். ஆளைப் பிரித்துக் காட்டுவது விலாசம். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து வரும் அந்த நீளமான எழுத்து வரிசையைத்தான் விலாசம் என்பார்கள். அதைப் பார்த்தால் எந்தக் குடும்பம், யார் வழி என்று விவரம் தெரிந்த பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த விலாசங்களையெல்லாம் ஊர்வாரியாக வரிசைப்படுத்தி, யார் கேட்டாலும் எடுத்துப் பார்க்கலாம் என்கிற மாதிரி வெளியில் வைத்திருந்த ஒரே புத்தகம் டெலிபோன் டைரக்டரி. அது போய்விட்டது. பலருக்கு அது போனதே தெரியாது. எனக்கு அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

காரைக்குடியில் அப்பா எஸ்டிடி பூத் வைத்திருந்தார், காசு கொடுத்து உள்ளூருக்கும் வெளியூருக்கும் போன் பேசுகிற கடை. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பில் அடிக்கும் குட்டிப் பிரிண்டர். மேஜை ஓரத்தில் டைரக்டரி. மூலையில் ஓட்டை போட்டுச் சணல் கயிறு கட்டி மேஜைக் காலோடு சேர்த்து முடிந்திருப்பார், இல்லாவிட்டால் யாராவது பூத்துக்குள் கொண்டுபோய் அங்கேயே விட்டுவிடுவார்கள். மலிவான தாள். ஓரமெல்லாம் எண்ணெய்க் கை பட்டுப் பழுத்திருக்கும். காரைக்குடி, தேவகோட்டை பக்கங்கள் மட்டும் மற்ற பக்கங்களைவிடத் தடித்து உப்பியிருக்கும், அவ்வளவு விரல் பட்டவை. சி எழுத்துப் பக்கத்தைத் திறந்தால் சிதம்பரம், சிதம்பரம், சிதம்பரம் என்று மேலிருந்து கீழே இறங்கும், விலாசம் மட்டும் மாறிக்கொண்டே வரும். அந்தப் பத்தியில் விரலை வைத்து இறங்கத் தெரிந்தால்தான் பூத்தில் வேலை பார்க்க முடியும்.

ஒரு தடவை ஈப்போவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மலேயாவில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீக வீடு பள்ளத்தூர் என்று கேள்விப்பட்டதோடு சரி, யாரையும் நேரில் தெரியாது. கையில் ஒரு பழைய கடித உறை, அதில் விலாசத்தோடு ஒரு பெயர். "தம்பி, இவங்க யாராச்சும் இங்க இருக்காங்களா?" என்று கேட்டார். அப்பா புத்தகத்தை இழுத்து, பள்ளத்தூரை எடுத்து, விரலை ஓட்டி ஒரு இடத்தில் நிறுத்தினார். அதே விலாசம், வேறு பெயர். நம்பரைப் போட்டுக் கொடுத்தோம். மறுமுனையில் எடுத்தது ஒரு ஆச்சி. பெரியவர் தன் தாத்தா பெயரைச் சொன்னார், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "எந்த ஊர்லேருந்து பேசுறீக? எப்ப வந்தீக? சாப்ட்டீகளா?" என்று அடுக்கிக்கொண்டே போனது வெளியில் நின்ற எனக்கே கேட்டது. மீட்டரில் ஓடியது உள்ளூர் அழைப்புக்கான காசுதான். அப்பா அதையும் வாங்கவில்லை.

முதல் டைரக்டரி 1878ல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் வந்தது. ஒரே ஒரு தாள், ஐம்பது பேர், அதில் நம்பரே கிடையாது. பெயரைச் சொன்னால் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். நம் பக்கம் 1882ல் சென்னை, பம்பாய், கல்கத்தாவில் எக்ஸ்சேஞ்ச் வந்தது. எங்கள் புத்தகம் காரைக்குடி தொலைத்தொடர்பு மாவட்டத்துடையது, சிவகங்கையும் ராமநாதபுரமும் சேர்ந்தது. ராமேஸ்வரத்து மீன் ஏஜென்டும் கானாடுகாத்தான் பங்களாவும் ஒரே அட்டைக்குள் இருந்தார்கள். ஆனால் ராயவரமும் வலையபட்டியும் செட்டிநாட்டு ஊர்களாகவே இருந்தாலும் புதுக்கோட்டை மாவட்டம் என்பதால் வேறு புத்தகம், வேறு எஸ்டிடி கோடு.

அது போன கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2002, 2003 வாக்கில் லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் 2 சேர்த்தார்கள், கையில் இருந்த புத்தகம் முழுக்க ஒரே நாளில் பழசானது. 2003ல் செல்போனில் இன்கமிங் இலவசமானது. 2004 அக்டோபரில் நாட்டில் செல்போன் எண்ணிக்கை லேண்ட்லைனைத் தாண்டியது. செல் நம்பருக்கு அப்படி ஒரு புத்தகம் வரவே இல்லை. நியூயார்க்கிலேயே வீட்டு நம்பர் புத்தகம் அச்சடிப்பதை நிறுத்திக்கொள்ள 2010ல் அனுமதி கொடுத்துவிட்டார்கள், காரைக்குடி எம்மாத்திரம். பூத் எல்லாம் ஜெராக்ஸ் கடையாகவும் ரீசார்ஜ் கடையாகவும் மாறின. புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து பொட்டலம் மடிக்கப் போயின.

"இப்போதுதான் ட்ரூகாலர் இருக்கிறதே" என்பார்கள். அது நம்பரைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும். கூப்பிடுகிறவர் பெயர் திரையில் வர வேண்டும் என்று 2024ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்ததும் அதே திசைதான். யாரோ நம்மைக் கூப்பிட்ட பிறகு அவர் யார் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். எனக்கு ஒரு ஆள் வேண்டும், பெயரும் ஊரும் தெரியும், நம்பர் தெரியாது என்றால் அதற்கு இன்றைக்கு வழி கிடையாது. தெரிந்தவரைப் பிடித்து, அவருக்குத் தெரிந்தவரைப் பிடித்து, வாட்ஸப் குழுவில் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த ஈப்போக்காரர் போல யாரையுமே தெரியாமல் வருகிறவர் எந்தக் குழுவில் போடுவார்?

ஊர்ச் சங்கங்களும் பல நகரங்களில் இருக்கிற நகரத்தார் சங்கங்களும் இன்றைக்கும் தங்களுக்குள் டைரக்டரி அச்சடிக்கிறார்கள், அழகாகவே செய்கிறார்கள், கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணிப் புள்ளிக்கணக்கு வைத்துப் பழகிய கை. நல்லதுதான். ஆனால் அதில் அந்தச் சமூகத்து ஆட்கள் மட்டும்தான் இருப்பார்கள். பழைய புத்தகத்தில் மில் முதலாளிக்கு அடுத்த வரியில் சலூன்காரர், அதற்கடுத்து சித்த வைத்தியர், ஒரு பள்ளிவாசல், ஒரு மருந்துக்கடை. சாதி கேட்காமல், சந்தா கேட்காமல், எழுத்து வரிசை ஒன்றை மட்டும் பார்த்து எங்கள் ஊரை ஒரே பட்டியலில் நிறுத்தி வைத்திருந்தது அது. போன் வாங்க வசதி இல்லாதவர்கள் அதில் இல்லை, அதையும் மறக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அப்படி ஒரு பட்டியல் எங்கள் ஊருக்கு வரவில்லை.

எல்லோருடைய செல் நம்பரையும் அச்சடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகளின் நம்பர் ஊருக்கெல்லாம் தெரிவது எனக்கும் பயம்தான். தன்னைத் தேடி வர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களையாவது போடலாம். முட்டை வெள்ளைக்கரு கலந்து செட்டிநாட்டுப் பூச்சு பூசத் தெரிந்த கொத்தனார், தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடுகிறவர், தேக்குக் கதவைப் பழுது பார்க்கிற ஆசாரி, விசேஷத்துக்குச் சமைக்கிறவர், இரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருகிற டாக்டர். இவர்களில் பாதிப் பேர் கூகுள் மேப்பில் கிடையாது. சம்மதம் கேட்டு, ஊருக்கு நாலு பக்கம் என்று அச்சடித்தால் நூலகத்திலும் கோயில் ஆபீஸிலும் தொங்கவிடலாம். செலவு ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுதான் ஆகும்.

இன்னொன்று. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். கல்யாணப் பத்திரிகை, துண்டு நோட்டீஸ் உட்பட மற்றவர்கள் தூக்கிப்போட்ட காகிதத்தையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, 1994ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. அதனால் கேட்கிறேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் கல்யாணத்துக்கோ, முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்கோ திறக்கும்போது, இரண்டாம் கட்டு அலமாரியிலும் போன் மேஜைக்கு அடியிலும் ஒரு பார்வை பாருங்கள். எண்பதுகளின் டைரக்டரி, அதற்கும் முந்தியது, எது கிடைத்தாலும் எடைக்குப் போடாதீர்கள். அட்டை கிழிந்திருந்தாலும், ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தாலும் பரவாயில்லை. கிறுக்கல் இருந்தால் இன்னும் நல்லது, யார் யாருக்குப் போன் போட்டார்கள் என்று அதிலிருந்துதான் தெரியும். எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். ஸ்கேன் செய்துவிட்டுப் புத்தகத்தை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.