பள்ளிக்கூடத்துத் தச்சு வேலை: தேர்வும் அதற்கப்புறமும்

பட்டறைத் தச்சருக்கும் பள்ளிக்கூடப் பராமரிப்புத் தச்சருக்கும் கைவேலை ஒன்றுதான். உடம்பு படும் பாடுதான் வேறு. பட்டறையில் மரம் நம் இடுப்பு உயரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். பள்ளியில் வேலை இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும். அது ஒன்று முழங்காலுக்குக் கீழே இருக்கும், இல்லாவிட்டால் தலைக்கு மேலே இருக்கும். பர்னிச்சர் பட்டறையிலிருந்து பள்ளி வேலைக்கு மாறிய எனக்கு இது சேர்ந்த பிறகுதான் உறைத்தது. இந்த வேலைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு உதவும் என்று, விண்ணப்பத்தில் தொடங்கி தகுதிகாண் பருவம் முடிந்தவரை நடந்ததை எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் பெரிய சங்கதி எதுவும் இல்லை. தொழில் சான்றிதழ், முன் அனுபவக் கடிதம், அப்புறம் காவல்துறை சரிபார்ப்பு. பிள்ளைகள் இருக்கும் இடம் என்பதால் அது முடியாமல் வளாகத்துக்குள் விடவில்லை. நேரம் பிடித்ததும் அதுதான். பணிகளின் பட்டியலில் கதவு, ஜன்னல், மேசை, பெஞ்சு, அலமாரி, கரும்பலகை, மாடிப்படிக் கைப்பிடி என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் “மேலதிகாரி அவ்வப்போது சொல்லும் பிற பணிகள்” என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். தேர்வு வந்தால் மேசைகளை இடம் மாற்றிப் போடுவது, ஆண்டுவிழா மேடைக்குக் கோட்டைச் சுவர் அடித்துக் கொடுப்பது, சாவி தொலைந்த பீரோவைத் திறந்து விடுவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

கைத்திறன் தேர்வில் இரண்டு வேலை கொடுத்தார்கள். துளையும் கழுந்தும் (ஒரு கட்டையின் துளைக்குள் போய்ப் பொருந்தும்படி செதுக்கிய இன்னொரு கட்டையின் முனை) போட்டு ஒரு சிறிய சட்டம் செய்ய வேண்டும். ஒரு கதவை நிலையில் மாட்டிப் பூட்டுப் பொருத்த வேண்டும். கூட வந்திருந்த சிலர் என்னைவிட வேகமாக முடித்தார்கள். தேர்வாளர் பொருத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். சட்டத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்ததுதான் அதிகம். பெரியவர்கள் மேசையின் மேல்பக்கத்தைத் தொடுவார்கள், பிள்ளைகள் கை அடிப்பக்கத்துக்குப் போகும். சிலாம்பு நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, திருகாணித் தலை மரத்துக்குள் அமுங்கியிருக்க வேண்டும், விளிம்பை உப்புத்தாள் போட்டு மழுக்கியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பெட்டியில் வைத்தோமா என்பதையும் குறித்துக்கொண்டார். வகுப்பறையில் ஒரு உளி மறந்து கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அதற்கு ஏன் மதிப்பெண் என்று புரியும்.

உடல்தகுதித் தேர்வில் தரையிலிருந்து எடை தூக்கித் தட்டில் வைப்பது, ஏணி ஏறி இறங்குவது, காது கேட்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்தார்கள். எடை தூக்குவதில் எனக்குப் பயம் இருக்கவில்லை. ஆனால் கிலோ எத்தனை என்பது பாதிக் கணக்குதான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்திய சூத்திரம் ஒன்று உண்டு. எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்குவதற்கு அது பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. சாதகம் என்றால், சுமை கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், தூக்கும் இடம் தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், இடுப்பைத் திருப்பக்கூடாது. சுமை 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே அளவு பாதியாகி 11.5 கிலோவுக்கு வந்துவிடும். இரண்டு பேர் உட்காரும் மேசை ஒன்றைத் தனியாளாக அணைத்துத் தூக்கிப் பாருங்கள், இந்தக் கணக்கு முதுகில் தெரியும். 8க்கு 4 அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் 30 கிலோவைத் தாண்டும். கெட்டியான வகுப்பறைக் கதவு 40 கிலோவரை வரும்.

அதனால் கதவைத் தூக்கவே கூடாது. இதைக் கற்றுக்கொடுத்தவர் அங்கே ஏற்கனவே இருந்த மூத்த தச்சர். “தம்பி, கை பிடிக்கட்டும், கால் தூக்கட்டும்” என்பார். ஒரு துண்டுக் கட்டையின் மேல் பலகையைக் குறுக்கே வைத்து, ஒரு முனையைக் கதவுக்கு அடியில் கொடுத்து, மறு முனையைக் காலால் மிதித்தால் கதவு வேண்டிய அளவுக்கு எழும்பி நிற்கும். கழற்றும்போது கீழ்க் கீலில் தொடங்கி மேல் கீலைக் கடைசியாக எடுக்க வேண்டும். மாட்டும்போது மேல் கீல்தான் முதலில். நெம்புகட்டையும் இந்த வரிசையும் தெரிந்தால் பெரும்பாலான கதவுகளை ஒருவரே சமாளித்துவிடலாம்.

புகார்ப் பதிவேட்டில் பாதிக்குமேல் கதவுதான். பிள்ளைகள் கைப்பிடியில் தொங்கித் தொங்கிக் கீல் திருகாணி நிலையில் பிடிப்பில்லாமல் சுற்றும். பெரிய திருகாணியாகப் போட்டு முடுக்கிவிட்டால் சில வாரம் நிற்கும், அப்புறம் அதே புகார் திரும்ப வரும். பழைய ஓட்டையைச் சுத்தமாகத் துளைத்து, கடின மரத்தில் முளை சீவிப் பசை தடவி அடித்து, காய்ந்த பிறகு புதிதாகத் துளையிட்டுத் திருகாணி போட்டால்தான் அது வேலை. மழைக்காலத்தில் உப்பி இறுகும் கதவுக்கும் குறுக்குவழி கிடையாது. பக்கத்தை இழைத்தால் மட்டும் போதாது. கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், ஈரம் அது வழியாகத்தான் ஏறுகிறது. தீத்தடுப்புக் கதவு என்றால் இஷ்டத்துக்கு இழைக்கவோ துளையிடவோ கூடாது. அது தனிச் சட்டதிட்டம்.

தானாக மூடும் கதவில் இருக்கும் டோர் குளோசர் எனக்குப் பட்டறையில் பழக்கமில்லாத பொருள். அதில் இரண்டு சிறிய திருகுகள் இருக்கும். ஒன்று கதவு வீசி வரும் வேகத்துக்கு, இன்னொன்று கடைசியில் பூட்டில் போய் விழும் வேகத்துக்கு. கால் சுற்று, கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும். முழுக்கக் கழற்றினால் எண்ணெய் வெளியேறி அந்தச் சாமானே வீணாகும். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2010 கட்டடத் தரவிதி, 90 பாகையிலிருந்து 12 பாகைக்குக் கதவு வந்துசேர குறைந்தது 5 விநாடி ஆக வேண்டும் என்கிறது. சிறிய வகுப்புகளில் நான் இந்த அளவைத்தான் வைத்துக்கொள்கிறேன். விரல் நசுங்குவது பெரும்பாலும் பூட்டுப் பக்கத்தில் என்று நினைப்போம். கீல் பக்கத்து இடுக்கு அதைவிட மோசம். அங்கே காப்புப் பட்டை ஒட்டுவதை யாரும் கேட்காமலே செய்துவிடுவது நல்லது.

பெஞ்சு, மேசை ஆட்டத்துக்கு வருகிறேன். ஆணி அடித்து நிறுத்துவது வழக்கம், ஆனால் கழுந்து பிளந்து அடுத்த முறை சட்டத்தையே மாற்ற வேண்டி வரும். பொருத்தைத் தட்டிக் கழற்றி, காய்ந்த பழைய பசையை உளியால் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் அதன் மேல் புதுப் பசை பிடிக்காது. கழுந்து தேய்ந்து மெலிந்திருந்தால் பக்கத்தில் மெல்லிய சீவல் ஒட்டித் தடிப்பாக்கலாம். பெரிய கிளாம்ப் இல்லாத இடத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கினால் நன்றாக இறுகும். பசை காய்வதற்கு முன் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்க அதில் யாரும் உட்காரக்கூடாது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, மேசையைத் தலைகீழாகப் போட்டு வைப்பதே வழி.

இதையெல்லாம் எந்த நிலையில் செய்கிறோம் என்பதுதான் உடம்புக்கு விஷயம். சின்ன வகுப்புப் பெஞ்சின் இருக்கை நம் முழங்காலைவிடத் தாழ்ந்தது. மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு திருகாணி முடுக்க வேண்டும். அடுத்த புகார் ஜன்னல் மேல் திரைச்சட்டமாக இருக்கும், கை இரண்டும் தலைக்கு மேலே. தகுதித் தேர்வில் யாரும் என்னை மண்டியிட்டு எழச் சொல்லவில்லை. ஆனால் வேலையில் முதலில் பேசியது முழங்கால்தான். முழங்கால் பேட் இல்லாமல் இப்போது நான் எந்த வகுப்பறைக்கும் போவதில்லை. குனியும் புகார், நிமிரும் புகார் என்று மாற்றி மாற்றி எடுப்பதும் உதவுகிறது. பதிவேட்டு வரிசைப்படி போனால் சில நாள் முழுக்கத் தரையிலேயே கழியும். ஆபத்தான புகாரை மட்டும் வரிசை பார்க்காமல் முதலில் எடுத்துவிடுவேன்: தலைக்கு மேலே ஆடுவது, கூராக நீட்டிக்கொண்டிருப்பது, உள்ளே ஆள் இருக்கும்போது திறக்காமல் போகும் கதவு. மற்றபடி பதிவேட்டில் எல்லாருமே “அவசரம்” என்றுதான் எழுதுவார்கள்.

ஏணிக்குத் தனி எச்சரிக்கை. சாய்ப்பு ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் தள்ளி ஊன்ற வேண்டும். மணி அடித்தால் வராந்தாவில் கூட்டம் பாய்ந்து வரும். இடைவேளைக்கு முன்பே இறங்கி, ஏணியை மடித்துப் பூட்டிவிட வேண்டும். கீழே விழுந்த திருகாணிகளைக் கண்ணால் தேடி மாளாது. ஒரு காந்தத்தைத் தரையில் இழுத்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.

சத்தம் இங்கே நேரத்தைத் தீர்மானிக்கிறது. வட்ட ரம்பத்தை முதல் மணிக்கு முன்பு, அல்லது பிள்ளைகள் போன பிறகு. வகுப்பு நடக்கும்போது இழைப்புளி, உளி, கைரம்பம். பட்டறையில் மூலையில் கிடந்த என் இழைப்புளிக்கு இங்கே வந்துதான் மறுபடி மரியாதை கிடைத்தது. காது விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். நியோஷ் கணக்கில் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். வட்ட ரம்பம் எளிதாக எட்டும் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சேரும்போது எடுத்த காது பரிசோதனையின் நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குறை வந்தால், வேலையால் வந்ததா என்பதற்கு அதுதான் ஆதாரம்.

தூசிக்கும் அதே கவனம். மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. துடைப்பத்தால் பெருக்கினால் தூள் எழும்பி வகுப்பறை முழுக்கப் பரவும். தூசி உறிஞ்சியும் ஈரத்துணியும் நல்லது. பழைய கட்டடத்தில் பெயின்டைத் தேய்ப்பதற்கு முன்பு அதில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. பழைய கூரைத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் நார்க் கனிமம்) இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் டிரில்லை எடுக்கவே வேண்டாம்.

முதல் நீண்ட விடுமுறை வந்தபோது, இனி நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று நினைத்தேன். உண்மையில் ஆண்டின் கடினமான பகுதி அதுதான். எல்லா வகுப்பு மேசைகளும் வராந்தாவுக்கு வந்துவிடும். இழைத்து, பசை போட்டு, வார்னிஷ் அடித்து, காயவைத்து, பள்ளி திறப்பதற்கு முன் திரும்ப அடுக்க வேண்டும். காயும் நேரத்தை அவசரப்படுத்த முடியாது என்பதால் வார்னிஷ் வேலையை முதல் பாதியில் முடித்தோம். உயரவாரியாகப் பிரித்ததுதான் எனக்கு நிறைவான வேலை. இஎன் 1729 என்ற ஐரோப்பியத் தரம் பள்ளி நாற்காலிகளை அளவு வாரியாகப் பிரிக்கிறது. அளவு 1-க்கு இருக்கை உயரம் 26 சென்டிமீட்டர், அளவு 7-க்கு 51. பல வகுப்புகளில் மூன்று அளவு கலந்து கிடந்தது. பிரித்துப் போட்டதில் “பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள்” என்று ஒரு டீச்சர் சொல்லிவந்த புகார் பெருமளவு அடங்கியது. பாதிப் பேருக்குக் கால் தரையில் படாமல் இருந்திருக்கிறது.

தகுதிகாண் பருவம் முடியும்போது மேற்பார்வையாளர் எத்தனை புகார் முடித்தேன் என்று பார்க்கவில்லை. அதே கதவு, அதே மேசை மறுபடி எத்தனை முறை பதிவேட்டில் வந்திருக்கிறது என்றுதான் புரட்டிப் பார்த்தார். இது நியாயமான அளவுகோல் என்றே எனக்குப் படுகிறது, ஆணி அடித்து ஒப்பேற்றியவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் பதில் சொல்வதோடு நிறுத்தாமல் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ஏணி வேலைக்குத் துணையாள் உண்டா, விடுமுறையில் உதவியாட்கள் தருவார்களா, காதுக்கவசமும் தூசி உறிஞ்சியும் யார் செலவு, கட்டடத்தில் எங்கெங்கே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்ற பதிவேடு பார்க்கக் கிடைக்குமா. துணையாள் கேள்விக்கு “பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால், சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.