தலைகீழாய்க் கிடக்கும் போர்க்கப்பல்: ஸ்காபா ஃப்ளோ நாட்குறிப்பு

மே 12, ஞாயிறு, ஸ்ட்ரோம்னெஸ்

ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகத்திலிருந்து ஆர்க்னி தீவுகளுக்கு ஒன்றரை மணி நேரக் கடல் பயணம். இங்குள்ள ஸ்காபா ஃப்ளோ விரிகுடாவில் மூழ்கிக் கிடக்கும் ஜெர்மன் போர்க்கப்பல்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம். ஹோய் தீவின் பாறைத் தூணைப் படம் எடுத்த கையோடு எல்லோரும் உள்ளே ஓடிவிட்டார்கள், அவ்வளவு காற்று. தங்குவதும் முக்குளிப்பதும் ஒரே படகில்தான். பழைய மீன்பிடி விசைப்படகை இதற்கென்று மாற்றியிருக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம்.

மே 13, திங்கள்

உடம்பைப் பழக்க ட்ரெஸ்டன். ஒருக்களித்துக் கிடக்கும் இலகு குரூசர், அதாவது சிறிய, வேகமான போர்க்கப்பல். தண்ணீர் 8 டிகிரி. ட்ரை சூட் எனும் தண்ணீர் புகாத உடையில் கசிவு இல்லை, அது போதும்.

மே 14, செவ்வாய்

காற்று அடங்கவில்லை. லைனஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தோம்.

முதல் உலகப் போர் ஓய்ந்ததும் ஜெர்மனியின் 74 போர்க்கப்பல்களை இந்த விரிகுடாவில் காவலில் வைத்தார்கள். சமாதானப் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. கப்பல்கள் பிரிட்டன் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய தளபதி லுட்விக் ஃபான் ரோய்ட்டர், 1919 ஜூன் 21 அன்று சங்கேதக் கொடி ஏற்றினார். மாலுமிகளே வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். மாலைக்குள் 52 கப்பல்கள் மூழ்கின. அவர் உத்தரவிட்டது எம்டன் கப்பலிலிருந்து. நம் சென்னைமேல் 1914-ல் குண்டு வீசிய எம்டன் அந்த ஆண்டே அழிந்துவிட்டது. இது அதே பெயரில் பிறகு கட்டியது.

பெரும்பாலானவற்றைப் பழைய இரும்பு வியாபாரி எர்னஸ்ட் காக்ஸும் அவருக்குப் பின் வந்தவர்களும் தூக்கி விற்றுவிட்டார்கள். கவிழ்ந்த உடலுக்குள் காற்றை அழுத்தி ஏற்றி, தலைகீழாகவே மிதக்கவைத்து, அப்படியே இழுத்துக்கொண்டு போனார்களாம்! எஞ்சியவற்றில் பெரியவை மூன்று போர்க்கப்பல்களும் நான்கு குரூசர்களும்.

"ஆள் யாரும் சாகாத கப்பல்கள், உறுத்தல் இல்லாமல் இறங்கலாம்" என்றார் என்னோடு முக்குளிப்பவர். எனக்கு ஒப்பவில்லை. அன்று பிரிட்டிஷ் காவலர்கள் சுட்டதில் ஒன்பது ஜெர்மானியர்கள் இறந்தார்கள். அதில் ஒருவர் வால்ட்டர் ஷூமன், நாங்கள் இறங்கப்போகும் மார்க்கிராஃபின் கேப்டன். இதே விரிகுடாவில் ராயல் ஓக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிடக்கிறது. 1939-ல் 800 பேருக்கு மேல் அதோடு போனார்கள், அங்கே முக்குளிக்கத் தடை. எண்ணிக்கை குறைந்தால் மரியாதையும் குறைய வேண்டுமா என்ன?

மே 16, வியாழன்

மார்க்கிராஃப். 175 மீட்டர் நீளம். 1916-ல் பிரிட்டிஷ் கடற்படையோடு நடந்த ஜட்லாண்ட் சண்டையில் அடிபட்டும் தப்பியது. இப்போது 45 மீட்டர் ஆழத்தில் குப்புறக் கிடக்கிறது.

வெறும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு அந்த ஆழத்துக்குப் போனால் நைட்ரஜன் கள் குடித்தவனைப்போல ஆக்கிவிடும். அதனால் ஹீலியம் கலந்த ட்ரைமிக்ஸ். ஹீலியம் உடம்புச் சூட்டை வேகமாகக் கடத்திவிடும் என்பதால் அதை ட்ரை சூட்டுக்குள் விடுவதில்லை. அந்த உடைக்குள் வாயு நிரப்பத் தனியாக ஒரு குட்டி சிலிண்டர்.

கயிற்றைப் பிடித்து இறங்கினோம். 25 மீட்டர் வாக்கில் கடல் தரை தட்டிவிட்டது என்றே நினைத்தேன். விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் ரிவெட் ஆணி வரிசை. கப்பலின் அடிப்பாகம்! விளிம்பைத் தாண்டினால் எஃகுச் சுவர் நேரே கீழே போகிறது. ஆறேழு மீட்டருக்கு மேல் கண்ணுக்கு எட்டவில்லை. முழுக் கப்பலையும் யாரும் பார்க்க முடியாது, துண்டு துண்டாகப் பார்த்து மனதில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். பெரிய பீரங்கிகள் உடலுக்கு அடியில் அமுங்கிவிட்டன. அத்தனை கனமும் மேலே இருந்ததால்தான் தண்ணீர் ஏறியதும் கவிழ்ந்தது.

பின்பக்கம் இரண்டு சுக்கான்களும் அருகருகே அப்படியே நிற்கின்றன. ஒன்றின் விளிம்பில் வெள்ளை மென்பவளங்கள் அடர்ந்திருந்தன. கீழே ஒரு கடல் முள்ளெலி மேய்ந்த இடம் மட்டும் வெறும் துருவாக, ஒரு கைக்குட்டை அளவுக்கு. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கூட வந்தவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

ஏறும்போதுதான் குளிர் கணக்குத் தீர்த்தது. ஆழத்தில் உடம்பில் சேர்ந்த வாயு மெல்ல வெளியேற ஆறு மீட்டரில் அசையாமல் காத்திருக்க வேண்டும், உடம்பு சூடேற வழியில்லை. முதலில் இடது சுண்டுவிரல் மரத்தது, பிறகு மோதிர விரல். நெஞ்சுக் கிளிப்பைக் கழற்ற மூன்று தடவை தடவினேன். ஆழத்துக்குத் தயாராகிறவர்கள் கையுறைக்குக் காசு செலவழிக்கத் தயங்குவது எனக்கு விளங்கவே இல்லை.

மே 17, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் பேச்செல்லாம் விற்பனை பற்றி. 2019-ல் மார்க்கிராஃப் உட்பட மூன்று போர்க்கப்பல்களும் ஒரு குரூசரும் இபே வழியாக விலைபோயின. போர்க்கப்பல் ஒன்று 25,500 பவுண்டு. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் வாங்கினவரும் ஓர் ஆணியைக்கூடக் கழற்ற முடியாது. வாங்கி என்ன செய்வார் என்று யாருக்கும் புரியவில்லை.

நாளை கார்ல்ஸ்ரூஹே என்ற குரூசர், 25 மீட்டர்தான். ஹீலியச் செலவு மிச்சம்.