முற்றத்து வெளிச்சமும் ஒரு ஃபிளாஷும்

காரைக்குடியில் உறவினர் ஒருவரின் பழைய வீட்டைப் படமெடுத்தபோதுதான் உள்ளறைப் படக்கலையின் சிக்கல் எனக்குப் புரிந்தது. மாலை நேரத்து முற்றத்தின் வெளிச்சத்துக்குக் கேமராவின் ஒளியளவை வைத்தால் தாழ்வாரம் இருண்டது. தாழ்வாரத்துக்கு வைத்தால் முற்றம் வெளுத்தது. ஆகவே முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400, லென்ஸ் துளை எஃப் 8 என வைத்து, முற்றம் சரியாகத் தெரியும்வரை ஷட்டர் வேகத்தை மாற்றி, 1/125 நொடியில் நிறுத்தினேன். ஃபிளாஷ் கண நேரமே மின்னுவதால், ஒத்திசைவு வேகத்தை, அதாவது ஃபிளாஷுடன் சேர்ந்து இயங்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தை, தாண்டாதவரை ஷட்டர் வேகம் அதன் ஒளியைக் குறைப்பதில்லை என்பதே இம்முறையின் அடிப்படை.

பிறகு தாழ்வாரத்துக்கு ஒளியூட்ட ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பியதுதான் தவறாயிற்று. தேக்குப் பலகையில் பட்டுத் திரும்பிய ஒளி எல்லாவற்றையும் பழுப்பாக்கியது. எனக்குப் பின்னாலிருந்த வெள்ளைச் சுவரில் அடித்தபோதே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களின் சிவப்பும் பச்சையும் உள்ளபடி வந்தன. தரையின் பளபளப்புதான் இன்னும் அடங்கவில்லை.