இரண்டு புள்ளிகள் குறைந்தபோது

மதுரையில் குழந்தைகளோடும் வளரிளம் பருவத்தினரோடும் அவர்களுடைய குடும்பத்தாரோடும் பணியாற்றும் மருத்துவ உளவியலாளர் நான். இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது நாங்கள் ஆர்.சி.ஐ. என்று சொல்லும் அமைப்பில், பெற்ற பதிவை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதும், அதற்கு, அந்த மன்றம் ஒப்புதல் அளித்த தொடர்கல்வி நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு பெறும் சி.ஆர்.இ. புள்ளிகள் 100 சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் இத்துறையினருக்குப் புதிய செய்தி அல்ல. எனக்கும் அது தெரிந்தே இருந்தது. என் கோப்பில் இருப்பதாக நான் நம்பியிருந்த 118 புள்ளிகளில் 38 எதற்கும் உதவாதவை என்பதுதான், பதிவு காலாவதியாக ஏழு வாரங்களே இருந்த நிலையில், தெரியவந்தது.

முதல் 20 புள்ளிகளை இழந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பயிற்றுநர் ஒருவர் இணையவழியில் நடத்திய குடும்ப சிகிச்சை வகுப்பில், பத்து ஞாயிற்றுக்கிழமைகள் என் சொந்தப் பணத்தைச் செலவிட்டுக் கலந்துகொண்டேன். குடும்பத்தினர் ஒருவரோடொருவர் பழகும் விதத்தைக் கவனித்து அதை மாற்ற முயலும், மனநல மருத்துவர் மினுச்சின் வகுத்த அமைப்புமுறைக் குடும்ப சிகிச்சையே அதன் மையப்பொருள். மகனிடம் கேட்ட கேள்விக்குத் தாய் பதில் சொல்வதையும், தந்தை நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து அமர்வதையும், அதுவரை நான் பார்த்தும் பொருட்படுத்தாமல் இருந்திருக்கிறேன் என்பதை அங்கேதான் உணர்ந்தேன். இந்த ஐந்தாண்டுகளில் எனக்கு மிகுதியாகக் கற்றுத்தந்த வகுப்பு அதுதான். ஆனால் சான்றிதழில் இருந்தது ‘20 மணி நேரம்’ என்னும் சொற்கள் மட்டுமே, ஆர்.சி.ஐ. முன்கூட்டியே அளித்த ஒப்புதலின் எண் அதில் இல்லை, இருப்பதற்கு வழியும் இல்லை. மணி நேரத்தைப் புள்ளியாக எண்ணிக்கொண்டது நான்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர்.சி.ஐ. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறுவாழ்வுத் துறைக்காக அமைந்த அமைப்பு என்பதால், ஒப்புதல் பெற்ற நிகழ்ச்சிகளில் என் கண்ணில் படுபவை பெரும்பாலும் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, அவற்றுக்கான மதிப்பீட்டுக் கருவிகள் ஆகியவற்றைச் சுற்றியே இருக்கின்றன. அவையும் வேண்டியவைதாம். எனினும், பள்ளிக்குப் போக மறுத்து அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பதினான்கு வயதுப் பெண்ணையும், அந்தக் கதவுக்கு வெளியே ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்டு நிற்கும் பெற்றோரையும் வாரந்தோறும் சந்திக்கும் என்னைப் போன்றவர்கள், புள்ளிக்கு ஒரு கோப்பும் கற்றலுக்கு ஒரு கோப்பும் தனித்தனியாக வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

மீதி 18 புள்ளிகளின் கதை வேறு. அது சென்னைப் புறநகர்க் கல்லூரி ஒன்றில் நடந்த, முறையான ஒப்புதல் பெற்ற மூன்று நாள் நிகழ்ச்சி. அதன் சான்றிதழில் என் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அது போதாதென்று, பதிவேட்டில் என் தந்தையின் பெயரைக் குறிக்கும் தலைப்பெழுத்து இருக்க, சான்றிதழிலோ கணவருடைய பெயரின் முதல் எழுத்து அச்சாகியிருந்தது. திருமணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்து மாறுவதும் மாறாமல் இருப்பதுமாக நம் ஊர்ப் பெண்களின் ஆவணங்கள் படும் பாட்டை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நிறைவு விழாவில் சான்றிதழை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் பையில் வைத்தவள், நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அதை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

தொலைபேசியில் மூன்று முறை அழைத்தும் யாரும் எடுக்காததால், நான்கு குடும்பங்களுக்குக் கொடுத்திருந்த நேரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பாண்டியன் விரைவு வண்டியில் இரவு ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, பத்து மணிக்கெல்லாம் அந்தக் கல்லூரி அலுவலகத்தின் முன் நின்றேன். நிகழ்ச்சியை ஒருங்கிணைத்த பேராசிரியர் வேலையை விட்டுப் போயிருந்தார். எழுத்தர் சான்றிதழைக் கையில் வாங்கி, இரு புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “லேமினேட் பண்ணிட்டீங்களே மேடம், இதுல எங்க திருத்தி எங்க சீல் வைக்கிறது?” என்றார். பத்திரமாக இருக்கட்டும் என்று நான் செய்த ஒரே காரியம் அதுதான். அப்படியானால் புதிய சான்றிதழ் தாருங்கள் என்றேன். அதற்கு முதல்வர் கையெழுத்திட வேண்டும் என்றார். முதல்வர் எங்கே என்றேன். ஆய்வுக் குழு வருகையை முன்னிட்டு வெளியூர் போயிருக்கிறார் என்றார். பழைய வருகைப் பதிவேட்டையாவது பார்க்கலாமா என்று கேட்டபோது, அது இருக்கும் பீரோவின் சாவி விடுப்பில் இருக்கும் வேறொருவரிடம் இருப்பதாகத் தெரிந்தது. விண்ணப்பப் படிவத்தில் நானே பதிவெண்ணைத் தவறாக எழுதியிருக்கலாம் என்று அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் விட உறுத்தியது. ஒரு கோரிக்கைக் கடிதத்தை எழுதிக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொண்டு அன்று இரவே திரும்பினேன். அந்த முத்திரையை வாங்குவதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாராக இருந்தாலும் அதை வாங்காமல் வந்துவிடாதீர்கள். பிறகு நடந்த கடிதப் போக்குவரத்தில் என் கையில் இருந்த ஒரே பிடி அதுதான்.

திரும்பும் வண்டியில் தூக்கம் வராமல் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் நிரப்பிய பதிவுப் படிவத்தின் நகல், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களே அனுப்பிய ஒப்புகை மின்னஞ்சலோடு கிடைத்தது. அதில் பதிவெண் சரியாக இருந்தது, தலைப்பெழுத்தும் சரியாக இருந்தது. விழுப்புரம் தாண்டும் நேரத்தில் பெட்டியில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த மின்னஞ்சலையும், முத்திரையிட்ட கடித நகலையும், ஆர்.சி.ஐ. பதிவுச் சான்றிதழையும் இணைத்து முதல்வருக்கு நேரடியாக எழுதினேன். பன்னிரண்டாம் நாள் விரைவு அஞ்சலில் புதிய சான்றிதழ் வந்தது. மன்னிப்புக் கடிதம் ஏதும் கூடவே வரவில்லை.

ஆக, 98 புள்ளிகள். இரண்டு புள்ளிகளுக்காக இன்னொரு நிகழ்ச்சி தேட வேண்டியிருந்தது. அருகில் இருந்தவை நிரம்பியிருந்தன. சில, சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கு மட்டுமானவை. நிகழ்ச்சியின் தலைப்புக்குக் கீழே எந்தப் பிரிவினருக்கானது என்று போட்டிருக்கும் வரியைப் பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள். இறுதியில் கோயம்புத்தூரில், 12 புள்ளிகள் கொண்ட இரண்டு நாள் நிகழ்ச்சி கிடைத்தது.

வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். ஆனால் இரண்டாம் நாள் மதியம், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் பற்றி நடந்த அமர்வுக்காகவே அந்தப் பயணம் தகும். 18 வயது நிறையாதவர் மீது பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரியவந்தால், அதைக் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவும், அறிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை என்று 21ஆம் பிரிவும் சொல்வதை நாங்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். பதினேழு வயது மாணவி ஒருத்தி தன் காதலைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது, எந்த வாக்கியத்துக்கு முன்னால் அவளை நிறுத்தி, ‘நீ சொல்வதில் சிலவற்றை என்னால் இரகசியமாக வைத்திருக்க முடியாது’ என்று சொல்வது என்பதைத்தான் யாரும் சொல்லித்தந்ததில்லை. அந்த அமர்வை நடத்திய வழக்கறிஞர், அதை முதல் சந்திப்பிலேயே, பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்திருக்கும்போதே சொல்லிவிடும்படி அறிவுறுத்தி, எங்களை இருவர் இருவராக அமர்த்திச் சொல்லிப் பார்க்கவும் வைத்தார். மறுநாளே என் முதல் சந்திப்புப் படிவத்தில் அந்த வாக்கியங்களைச் சேர்த்தேன்.

சான்றிதழைப் பெற்றதும் மேடையிலிருந்து இறங்காமலேயே பெயர், தலைப்பெழுத்து, பதிவெண், ஒப்புதல் எண், தேதி, புள்ளி எல்லாவற்றையும் சரிபார்த்தேன்; எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தும் வேலை ஒரே மாலையில் முடிந்தது. புதுப்பிக்கப்பட்ட பதிவு, பழையது காலாவதியாவதற்கு மூன்று நாள் முன்பு கைக்கு வந்தது. அதை நெகிழி உறையில் செருகி வைத்திருக்கிறேன், லேமினேட் செய்யவில்லை.