ஒரே பேனையில் எழுதப்பட்ட 0.5

எங்கள் ஊர்க் குடிநீர்த் திட்டத்தின் செயலாளர் பொறுப்பை நான் ஏற்று நான்கு ஆண்டுகளாகின்றன. இளைப்பாறிய கணித ஆசிரியருக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும் என்ற ஒரே காரணத்தால் அந்தக் கொப்பி என் கைக்கு வந்து சேர்ந்தது. திட்டம் பெரியதன்று. யாழ்ப்பாணத்து வலிகாமம் மேற்கில் ஒரு பொதுக்கிணறு, அதனருகே ஒரு மோட்டர் அறை, 10,000 லீற்றர் கொள்ளும் ஒரு மேல்நிலைத் தாங்கி, நூற்றுச் சொச்சம் வீட்டு இணைப்புகள், இவை அனைத்தையும் இயக்குவதற்கு ஒரேயொருவர். ஊர்ப் பிள்ளைகள் அவரைத் தண்ணி அண்ணை என்று அழைப்பார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர் என்பதால் எனக்கு அவர் தம்பி.

சென்ற மார்கழியில், மழை ஓய்ந்திருந்த ஒரு வாரத்தில், பொதுச் சுகாதார பரிசோதகர் எடுத்துச் சென்ற நீர் மாதிரியில், மலக்கழிவு கலந்திருக்கலாம் என்பதைக் காட்டும் கோலிபோம் பற்றீரியா இருப்பதாக அறிக்கை வந்தது. எனக்கு முதலில் கோபமே வந்தது. எங்கள் பதிவேட்டில், கிருமியைக் கொல்லப் போட்டதில் நீரில் எஞ்சிய குளோரின் அளவு, லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று நாள்தோறும் குறிக்கப்பட்டிருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு மோட்டர் அறைக்குப் போனேன். அங்கே நின்று பக்கங்களைப் புரட்டியபோதுதான் கவனித்தேன்: 0.5, 0.5, 0.5. மூன்று மாதங்களாக ஒரே இலக்கம், ஒரே நீலப் பேனை, ஒரே சாய்வு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையொப்பம் இருந்தது.

"குளிசை முடிஞ்சு கனகாலம் மாஸ்ரர்," என்றார் தம்பி. "கட்டம் வெறுமையாக் கிடந்தால் நீங்கள் பேசுவியள் எண்டு எழுதி வைச்சனான்."

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. சோதனை எளிமையானது. சிறு கண்ணாடிக் குழாயில் தாங்கி நீரை எடுத்து, ஒரு டிபிடி குளிசையைப் போட்டுக் குலுக்கினால், குளோரின் இருக்கும் நீர் ரோசா நிறமாகும். அந்த நிறத்தைப் பெட்டியிலுள்ள வர்ண வரிசையோடு ஒப்பிட்டு இலக்கத்தைக் குறிக்க வேண்டும். பெட்டியை ஒரு திட்டத்தின் கீழ் இலவசமாகத் தந்தவர்கள், குளிசை முடிந்தால் எங்கே வாங்குவது, யாரைக் கேட்பது என்பதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. நானும் கேட்கவில்லை.

பயிற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் வதிவிடப் பயிற்சி ஒன்று நடந்தது. எங்கள் சங்கத்தின் சார்பில் அதற்குப் போனவர் தலைவர். சான்றிதழ் அவர் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. தம்பி ஏன் போகவில்லை என்று அக்காலத்தில் யாரும் கேட்கவில்லை, பின்னர் நான் கேட்டபோது, "நான் போனால் தண்ணியை ஆர் திறக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார். ஒருவரே இயக்கும் திட்டத்தில், பயிற்சி அதிகம் வேண்டியவரே இடத்தைவிட்டு நகர முடியாதவராக இருக்கிறார். தலைவர் கொண்டுவந்த கையேட்டில் குளோரின் கணக்கு ஒரு சூத்திரமாக இருந்தது: தாங்கியின் கனவளவு, தேவையான செறிவு, நீரில் போடும் பிளீச்சிங் தூளிலுள்ள குளோரினின் வீதம். கணக்குச் சரிதான். ஆனால் அதைச் செய்யவேண்டியவர், உரப்பையிலிருந்து சிரட்டையால் அள்ளிப் போடுபவர்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மோட்டர் அறைப் படியிலிருந்து அந்தக் கணக்கைச் செய்தோம். 10,000 லீற்றர் நீருக்கு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வீதம் 15 கிராம் குளோரின் வேண்டும். தூளில் 30 வீதமே குளோரின் என்றால் 50 கிராம் தூள். பலசரக்குக் கடைத் தராசில் 50 கிராம் நிறுத்து, ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் கொட்டி, அந்த மட்டத்தில் பேனையால் கோடு போட்டோம். தூளில் கரையாத சுண்ணாம்பும் இருப்பதால் அதை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தாங்கியில் ஊற்றவேண்டும். முப்பது நிமிடம் கழித்தே வால்வைத் திறக்கலாம். அடுத்த வாரம் புதுக் குளிசையோடு சோதித்தபோது நிறமே வரவில்லை. காரணம் பையில் இருந்தது: வாய் திறந்தபடி, தகரக் கூரை வெக்கையில் ஒரு வருடமாகக் கிடந்த தூளில் குளோரின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. கோப்பையில் கோடு போட்ட கணித ஆசிரியருக்கு அது தோன்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஊராரின் முறைப்பாடு வேறு. "தூள் போட்டால் தண்ணி மணக்குதெண்டு சனம் பேசுது, போடாட்டி நீங்கள் பேசுறியள்" என்று தம்பி அலுத்துக்கொள்வது நியாயமே. தேநீரில் மணம் வருகிறது என்று ஒரு வீட்டார் இணைப்பையே துண்டிக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி, வெடிப்புகளும் குகைகளும் கொண்ட சுண்ணாம்புக்கல் என்பதையும், மழைக்காலத்தில் மலக்குழிக் கசிவு வடிகட்டப்படாமலே கிணற்றை எட்டிவிடக்கூடும் என்பதையும் வீடுவீடாகச் சொல்ல அவருக்கு நேரமுமில்லை, அதற்கான சொற்களை அவருக்கு யாரும் கொடுத்ததுமில்லை. குழந்தையுள்ள ஒரு தாய், உரத்திலிருந்து நீரில் கலக்கும் நைத்திரேற்று பற்றிக் கேட்டபோது, கொதிக்கவைத்தால் போதும் என்று அவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறார். குளோரினும் நைத்திரேற்றை அகற்றாது. கொதிக்கவைப்பதோ நீர் ஆவியாகக் குறைய அதன் செறிவைக் கூட்டும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உரம் கொட்டும் வலிகாமத்தில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை ஒவ்வோர் ஒப்பரேற்றரும் அறிந்திருக்கவேண்டும்.

எனினும் அவருக்குத் தெரிந்தவற்றைக் கையேடு எழுதியவர் அறிந்திருப்பாரா என்பது ஐயமே. ஆவணி, புரட்டாதி மாதங்களில் மோட்டரை ஆறு மணித்தியாலம் தொடர்ந்து ஓட்டினால் நீர் சவர்க்கத் தொடங்கும் என்பதை நாக்கால் கண்டுபிடித்தவர் அவர். இரண்டு மணித்தியாலம் ஓட்டி, நிறுத்தி, கிணறு ஊறவிட்டு மீண்டும் ஓட்டுவார். நம் குடாநாட்டில் நன்னீர், உவர்நீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே அது ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை இருக்கும் என்பது விதி. ஆகவே மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் ஏறிவரும் அளவு மிகப் பெரிது. இதை நான் படம் கீறி விளக்கியபோது அவர் சிரித்துவிட்டு, "அதுதானே நான் நிற்பாட்டி நிற்பாட்டி ஓட்டுறனான்" என்றார்.

தாளையடியில் 2024 ஆவணியில் திறக்கப்பட்ட கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடியது. அதற்குப் பொறியியலாளரும் ஆய்வுகூடமும் உண்டு. எங்கள் திட்டத்துக்குத் தம்பி மட்டுமே. சமூக நீர்த்திட்டங்களுக்கென்றே 2014 இல் ஒரு தேசியத் திணைக்களம் உருவான நாட்டில், அவரைப் போன்றவர்களைத் தேடி வரும் ஓர் ஆள் இல்லாதது எனக்கு உறுத்துகிறது. அமெரிக்காவில் 1996 இன் சட்டத் திருத்தத்துக்குப் பின் சிறு நீர்த்திட்ட ஒப்பரேற்றருக்கும் தகுதிச் சான்று வேண்டும். ஆனால் அங்கே எனக்குப் பிடித்தது சான்றிதழ் அன்று. தொழில்நுட்பர் ஒருவர் தம் வாகனத்தில் ஊர் ஊராகச் சென்று, பம்பு அறையிலேயே நின்று, பழுதையும் பார்த்துப் பழக்கியும் விடும் முறை அது. அக்காலத்தில் குதிரையில் ஊர் ஊராகச் சுற்றிவந்த போதகர்களின் பெயரையே, 'சேர்க்கிட் ரைடர்' என்று, அவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் வந்து, பிள்ளையின் நிறையைப் பார்த்து, அட்டையில் குறித்துவிட்டுப் போகிறார். அடுத்த மாதமும் வருவார் என்று தாய்மாருக்குத் தெரியும். மோட்டர் அறைக்கு அப்படியொருவர் வரலாகாதா?

அவர் வரும்வரை, அயலிலுள்ள இரண்டு ஊர்ச் சங்கங்களோடு பேசி, மாதத்தின் முதல் ஞாயிறு மூன்று ஒப்பரேற்றர்களும் ஒரு மோட்டர் அறையில் கூடுவதென்று வைத்துக்கொண்டோம். மூவரில் ஒருவர் மோட்டர் வைண்டிங் தெரிந்தவர். மின்னழுத்தம் குறையும்போது மோட்டரைக் காக்கும் ரிலே விழுந்தால் அதைக் கம்பியால் கட்டிவிடக் கூடாது என்பதைத் தாம் எரித்த மோட்டரைக் காட்டியே சொல்லிக்கொடுத்தார். குளிசைகளை மூன்று சங்கங்களும் பங்குபோட்டு வாங்குகிறோம். தம்பி வராத நாளில் வால்வைத் திறக்க அவருடைய மனைவி பழகியிருக்கிறார். மனைவியின் பெயரும் இப்போது சம்பளக் கொப்பியில் உண்டு.

நேற்றுப் பதிவேட்டில் கையொப்பமிடப் போனேன். இம்மாதம் 0.4, 0.3, 0.2 என்று இறங்கியிருந்தது. அடுத்த நாளுக்குரிய கட்டத்தில் இலக்கம் இல்லை. "தூள் பழசு போல, மாற்றவேணும்" என்று பென்சிலால் எழுதியிருந்தது.